வாயில் குண்டூசி இருக்கும்வரை

சென்ற வாரம் சின்னவளைக் கையில் போனோடு மாடிப்படியில் நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், கால் கடுத்திருக்கும். இப்போது அவள் கீழே இறங்கட்டும்.

அவள் இறங்கி வருவதற்குள், நடுவில் இரண்டு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரே வீடு, இரண்டு தளம். கீழே மூத்த மருமகளும் அவள் கணவரும். மேலே இளைய மருமகள். அவள் கணவன் கப்பல் வேலைக்காரன், இப்போது நடுக்கடலில் இருக்கிறான். மாமனாரும் மாமியாரும் இருந்தபோது பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் போய்விட்டார்கள், பெயர்கள் போகவில்லை.

பெரியவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு உடை திருத்திக் கொடுப்பவள். நீளம் குறைப்பாள், இடுப்பைத் தளர்த்துவாள், ஜிப் மாற்றுவாள். சர்ச்சில் அவளுக்கு ஜெபக்கா என்று பெயர். புதன்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துவது அவள்தான். கண்ணை மூடி வாயைத் திறந்தாள் என்றால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும், கைக்குட்டை கொண்டுவராதவர்கள் திண்டாடிப் போவார்கள்.

சின்னவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். அந்தப் பிள்ளைகள் நாளைக்குச் சபைக்கு முன்னால் பாடப்போகிறார்கள். மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த பாட்டு. அதற்காகவே இன்று கடைக்கு லீவு போட்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் போதகரின் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கம்மா. நாளைக்குப் பிள்ளைங்களைப் பாட வைக்க வேற ஆள் பார்த்துக்கறோம். உனக்காக எல்லாரும் ஜெபம் பண்ணிட்டு இருக்கோம்."

அந்தக் கடைசி வரியில்தான் சின்னவளுக்கு எல்லாம் விளங்கிப் போனது. எல்லாரும் ஜெபம் பண்ணுகிற அளவுக்கு அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, ஒரே ஒருத்தியைத் தவிர.

பெரியவள் அப்போது பிள்ளைகளின் வெள்ளை அங்கிகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போட வேண்டியவை. தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. கூலி வாங்கவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அக்கா, புதன்கிழமை எனக்காக என்ன ஜெபம் பண்ணீங்க?"

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"எப்பவும் போலத்தான். எல்லாருக்காகவும் பண்ணினேன்."

"எனக்காக என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"ஆண்டவரே அவளுக்கு ஆறுதல் குடும்னு..."

"அதுக்கு முன்னாடி."

பெரியவள் நூலை அறுத்தாள். அது அறுக்க வேண்டிய இடமே இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரியவளிடம் ஊரே வந்து மனசைக் கொட்டும். அதற்குக் காரணம் அவள் பக்தி என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள். காரணம் குண்டூசி. அளவெடுக்க வந்தவர்கள் ஸ்டூலில் ஏறி நிற்பார்கள். இவள் கீழே மண்டியிட்டு, உதட்டுக்கிடையில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் குத்துவாள். வாயைத் திறந்தால் ஊசி விழும், அதனால் ம் கூட வராது. எதிரில் இருப்பவர் குறுக்கே பேசமாட்டார் என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் என்னென்னவோ சொல்லிவிடுகிறார்கள்.

சின்னவளும் அப்படித்தான், கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஸ்கர்ட்டுக்கு நீளம் குறைக்க ஏறி நின்றபோது சொன்னாள். "எங்கம்மா செத்துப் போனதுல இருந்து எனக்கு ஜெபம் வரல அக்கா. கண்ணை மூடினா வெறும் இருட்டாத்தான் இருக்கு. யார்கிட்டேயும் சொல்லாதீங்க." பெரியவள் வாயில் ஊசியோடு தலையாட்டினாள். அன்றைக்கு அவள் கண்ணும் கலங்கியது. அது பொய்யில்லை.

"சொல்லுங்கக்கா. அதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?"

பெரியவள் மெல்லச் சொன்னாள். "எங்க வீட்டுச் சின்னவ உம்மகிட்டப் பேசறதையே நிறுத்திட்டா ஆண்டவரேன்னு சொன்னேன். கண்ணை மூடினா அவளுக்கு இருட்டுதான் தெரியுதாம், அந்த இருட்டுக்குள்ள நீர் போகணும்னு கேட்டேன்."

"இருட்டைக்கூட விட்டு வைக்கலயா?"

"உனக்காக அழுது அழுது கேட்டேன்டி. என் மனசுல இருந்த பாரம் உனக்குத் தெரியாது."

"கடவுளுக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே அக்கா. தெரியாம இருந்தது பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்களுக்குத்தான்."

சின்னவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பெரியவளும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பாள்.

"ஜெபமே வராதவ பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பான்னு யாரோ கேட்டிருப்பாங்க. கேட்கத்தான் கேட்பாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். வீட்டுல வரல, சர்ச்சுல வரல. அந்தப் பசங்க சுதி விட்டுக் கத்தும்போது மட்டும் உள்ளுக்குள்ள ஏதோ லேசா அசையும். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு இடம்தான்."

வகுப்பு அலமாரியின் சாவியை மெஷின்மேல் வைத்தாள். "நீங்களே போய்க் குடுத்துடுங்க. என்னால அங்க போய் நிக்க முடியாது."

மாடிப்படி ஏறும் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம். மெதுவாகத்தான் சாத்தினாள். பெரியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் பாதி நேரம், இரண்டு தளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசிக்கொண்டிருப்பார். "பதறாதீங்க, பட்டனை அமுக்காதீங்க, நான் இங்கதான் இருக்கேன்." அதனால் மனிதருக்கு நிதானம் அதிகம். மத்தியானம் சாப்பிட வந்தவர், தட்டை வைத்த வேகத்திலேயே வீட்டில் ஏதோ நடுவில் நின்றிருக்கிறது என்று கண்டுகொண்டார்.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நாளைக்கு ஆராதனையில எழுந்து நிக்கப் போறேன். எல்லாருக்கும் முன்னாடி மண்டி போட்டு, நான் பாவம் செஞ்சேன்னு சொல்லி மன்னிப்புக் கேட்கப் போறேன்."

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"புதன்கிழமை எத்தனை பேர் இருந்தாங்க?"

"பத்துப் பன்னெண்டு பேர் இருப்பாங்க."

"நாளைக்கு?"

அவள் குழம்புப் பாத்திரத்தை மூடினாள். நாளைக்குப் பிள்ளைகள் பாடுகிறார்கள், சபை நிறைந்திருக்கும்.

"மிச்சம் இருக்கிறவங்களுக்கும் சொல்லிடலாம்னு பார்க்கறியா?"

"உங்களுக்கு என்னைக் குத்திக்கிட்டே இருக்கணும்."

"குத்தலம்மா. நீ எழுந்து அழுதேன்னு வை. ஜெபக்காவுக்கு எவ்வளவு தாழ்மை பாருன்னு ஊரே மெச்சும். அவ அந்தப் பக்கம் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பா. பேர் உனக்கு, மானம் போறது அவளுக்கு."

பெரியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துப் போய்க் குழாயடியில் போட்டு, தேவைக்கு மேல் சத்தம் போட்டுக் கழுவினாள். மனுஷி திருந்துகிறேன் என்று வந்தால் அதற்கும் ஒரு சொல்லா? கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. நாளைக்கு மண்டியிடும்போது எந்த உடை போடுவது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள். சாம்பல் நிறம். அதுதான் எளிமையாக இருக்கும் என்று.

குழாயை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்குத் தன்னை நினைத்தே கூசியது.

சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தாள். பின்பக்கக் கூடத்தில் போதகரம்மா நாளைக்கான டீ கப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல பெண்மணி. ஒரே நேரத்தில் நாலு வேலை தலையில் இருக்கும், அதனால் எதையும் சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்பார்.

"வாங்க ஜெபக்கா. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். நாளைக்குப் பிள்ளைங்களை நீங்களே நிக்க வச்சுப் பாட வச்சுடுங்க. அங்கி உங்க கையில இருக்கு, பாட்டையும் வீட்டுல தினம் கேட்டிருப்பீங்க. உங்களை விட்டா வேற யாரு?"

பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெள்ளை அங்கிப் பிள்ளைகளுக்கு முன்னால் கையை உயர்த்தி நிற்கும் தன்னை அவள் பார்த்துவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவளைத் திட்டாதீர்கள். அந்த மாதிரிக் கணம் உங்களுக்கும் வந்திருக்கும், எனக்கும் வந்திருக்கிறது.

"வேணாம்மா. அது அவ வகுப்பு."

"அவளுக்குத்தான் இப்ப மனசு சரியில்லையே. நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"அதெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. நீங்க பாரத்தோட ஜெபம் பண்ணீங்க. அதுல என்ன தப்பு இருக்கு?"

இதைக் கேட்கத்தானே காலையிலிருந்து ஏங்கினாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, சாவியை வைத்துவிட்டு, லேசான மனசோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரியவள் போகவில்லை. அங்கே கிடந்த துணி ஒன்றை எடுத்து, ஈரமாக இருந்த ஒரு கப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"பாரமும் இருந்துச்சும்மா. அது மட்டும் இல்ல. யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு அவ கேட்டா, நான் சரின்னு தலையாட்டினேன். புதன்கிழமை நான் ஜெபம் பண்ணிட்டே இருக்கேன், யாரும் அழல. ஒருத்தர் கூட மூக்கை உறிஞ்சல. எனக்கு அது என்னவோ மாதிரி இருந்துச்சு. அவ துக்கம் கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு, எடுத்துச் சொல்லிட்டேன். உடனே எல்லாரும் அழுதாங்க." கப் துடைத்து முடிந்துவிட்டது, ஆனாலும் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு நல்லா இருந்துச்சு."

கடவுளிடம்கூட அவள் இதை இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை.

போதகரம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். அவர் அவசரமில்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை, இப்போது நின்றார்.

"அப்ப எனக்கும் இதுல பங்கு இருக்கு. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்காம ஓய்வு எடுன்னு சொல்லிட்டேன்." பிறகு, அடுக்கி வைத்த கப்புகளைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தணித்தார். "ஜெபம் வராதவங்க இங்க எதுவும் செய்யக் கூடாதுன்னா, போன வருஷம் பூரா நான் இந்தப் பக்கமே வந்திருக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

பெரியவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"வகுப்பு அவளோடதுதான். நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கறேன். வரச் சொல்றேன், வர்றதும் வராததும் அவ இஷ்டம்." போதகரம்மா கொஞ்சம் தயங்கினார். "ஆனா, தப்பா எடுத்துக்காதீங்க. புதன்கிழமைக் கூட்டத்தைக் கொஞ்ச நாள் வேற யாராவது நடத்தட்டும். நீங்க வந்து உட்காருங்க."

பெரியவள் கையில் இருந்த கப்பைக் கீழே வைத்தாள். எத்தனை வருஷமாக அவள் நடத்திய கூட்டம்.

"ஏன்னு கேட்பாங்களே."

"கேட்பாங்க."

"என்ன சொல்றது?"

"நீங்களே யோசிங்க. எதைச் சொல்ல ஆரம்பிச்சாலும் அவ பேர்ல போய்த்தானே முடியும்."

ஆக, ஒன்றும் சொல்ல முடியாது. ஜெபக்காவை ஏன் உட்கார வைத்தார்கள் என்று ஆளுக்கொன்று பேசுவார்கள். வீட்டில் சண்டையாம், உடம்புக்கு ஏதோ வியாதியாம், கர்வம் பிடித்துப் போச்சாம். கடைசியாகச் சொன்னது உண்மைக்குப் பக்கத்தில் வரும், அதற்கும் பதில் சொல்ல முடியாது.

"சரிம்மா," என்றாள். அன்று அவள் சொன்னதில் அதுதான் மிகக் கஷ்டமான வார்த்தை. சாவியை அவரிடம் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கணவர் காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"வகுப்பைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"வேற?"

"அவ்வளவுதான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனுஷி எங்கே போய் வந்தாலும், யார் என்ன சொன்னார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று அரை மணி நேரம் ஓட்டுவாள். இன்றைக்கு இரண்டு வார்த்தை. அவருக்கு இன்னும் கேட்க வேண்டும் போல் இருந்தது, கேட்கவில்லை.

பெரியவள் அங்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். சின்னவள் கதவைத் திறந்தாள், ஆனால் வழிவிடவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"நீ என்னை நம்பிச் சொன்னதை நான் வெளிய சொல்லிட்டேன். அது தப்பு. என்னை மன்னிச்சுடு."

அதோடு நிறுத்தினாள். உன்மேல் இருந்த பாசத்தால்தான், உன் நல்லதுக்குத்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

சின்னவள் காத்திருந்து பார்த்தாள். "ஆனா உனக்காக அழுதேன்னு சொல்லுவீங்களே."

"சொல்லல."

"போதகரம்மா போன் பண்ணாங்க. நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். அதை நீங்களே சொன்னாத்தான் உண்டுன்னுட்டாங்க."

"எனக்கு எப்படித் தோணுச்சோ அப்படிச் சொன்னேன். நல்லா இல்ல கேட்க."

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரல அக்கா. இப்ப எனக்கு எதுவுமே சட்டுனு வரமாட்டேங்குது."

"வரும்போது சொல்லு. வரலைன்னாலும் போகுது." பெரியவள் சாவியை நீட்டினாள். "நாளைக்கு மட்டும் போ. பசங்க உன்னைத்தான் தேடுவாங்க. நான் கையைத் தூக்கி நின்னா பாடாதுங்க, பயந்துடும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இளகியது. சாவியை வாங்கிக்கொண்டாள். மூட்டையைப் பார்த்தாள்.

"இதெல்லாம் முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது? காலையில விட்டதோட நிக்குது. குட்டிப் பையன் அங்கிக்கு அளவே சரியாத் தெரியல."

"உள்ள வாங்க. அவன் என் இடுப்பு உயரம் இருப்பான்."

அங்கியைச் சின்னவள் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் மண்டியிட்டு விளிம்பை மடித்தாள். குண்டூசி டப்பாவைத் திறந்தவள், வழக்கம்போல் ஊசிகளை வாயில் வைக்கப் போய், என்ன நினைத்தாளோ, கையை இறக்கித் தரையிலேயே வைத்தாள். அவளுக்கு அதைச் செய்யவே வெட்கமாக இருந்தது.

"வாயில வச்சுக்குங்க," என்றாள் சின்னவள் மேலிருந்து. "ஒண்ணு சொல்லணும். அப்படி இருந்தாத்தான் எனக்குப் பேச வரும்."

பெரியவள் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள்.

"நாளைக்குப் பாடற பாட்டுல ரெண்டாவது சரணம், எங்கம்மா சமையக்கட்டுல நின்னு பாடறது. இத்தனை நாள் பசங்க பாடும்போது அந்த இடத்துல மட்டும் நான் வாயை அசைப்பேன், சத்தம் வராது. அவங்களுக்குத் தெரியாது. நாளைக்குச் சபைக்கு முன்னாடி அவங்க பயந்து என் குரலைத்தான் தேடுவாங்க. நான் நின்னுட்டா அவங்களும் நின்னுடுவாங்க."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சர்ச்சுல நான் நிக்கற இடத்துக்குப் பின்னாடி ஒரு தூண் இருக்குல்ல. அதுக்கு அந்தப் பக்கம் நின்னு அந்தச் சரணத்தை மட்டும் நீங்க பாடுங்க. பசங்களுக்குக் கேட்டாப் போதும். சபைக்குக் கேட்கக் கூடாது. நீங்கதான்னு யாருக்கும் தெரியக் கூடாது."

கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலை வைத்துக்கொண்டு பெரியவள் வாழ்நாளில் ஒரு வரியைக்கூட யாருக்கும் கேட்காமல் பாடியதில்லை. வாயில் ஊசியோடு தலையாட்டினாள்.

"போன தடவையும் இப்படித்தான் தலையாட்டினீங்க," என்றாள் சின்னவள்.

பெரியவளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை. அவள் மறுபடியும் தலையாட்டினாள். பிறகு குனிந்து, அடுத்த ஊசியை எடுத்து விளிம்பில் குத்தினாள்.